படத்தின் பின்பக்கம்

(மலேசியாவில் கிள்ளானில் நடந்த பழைய குடும்பப் படங்களின் கண்காட்சித் திறப்பு விழாவில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன். கைத்தட்டல்களை எடுத்துவிட்டேன், அதிகம் இல்லை.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே, ஒரு நிகழ்ச்சியிலிருந்து நேராக வந்து இன்னொன்றுக்குப் போகவேண்டிய அவசரத்திலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கோயில் தலைவர் ஐயா அவர்களே, வீடு வீடாகப் போய் ஆறு பெட்டிப் படங்களைத் திரட்டி வந்த தம்பி தங்கைகளே, அவர்களை நம்பி இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்ட தாய்மார்களே, பின்னால் நிற்கும் பெரியவர்களே (நாற்காலி வருகிறது, சொல்லியிருக்கிறேன்), அனைவருக்கும் வணக்கம். யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பெயரை விடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

டத்தோ அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாது. உள்ளே மூன்றாவது பலகையில் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் அரைஞாண் கயிற்றோடு மட்டும் நிற்கும் ஐந்து வயதுப் பையன் அவர்தான். வேறு யாராவது இருந்தால் அந்தப் படத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்ததோடு, பின்னால் பெயரும் எழுதிக் கொடுத்தார். இந்தக் கண்காட்சிக்கு வந்த படங்களில் பின்னால் எழுத்து இருப்பவை கைவிட்டு எண்ணும் அளவுதான். அதனால் டத்தோவுக்கு என் தனி வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று, நம் முன்னோர் ஏன் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, அவர்களை வேறு யார் எந்தக் கண்ணால் படம் எடுத்தார்கள். மூன்று, நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் கேமராவை எடுத்துக்கொண்டு வேரைத் தேடிப் போகிறார்களே, அது சரியாகப் போகிறதா. நேரம் இருபது நிமிடம். பார்ப்போம்.

என் அப்பா தோட்டத்துக் கடையில் கணக்கு எழுதியவர். நம் ஊர் 555 புத்தகம் தெரியுமல்லவா, சட்டைப் பையில் அடங்குகிற கடன் புத்தகம். அதில் கால் கட்டி எடைக் கருவாடு கடன் வாங்கினாலும் எழுதாமல் விடமாட்டார். "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பார். வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தப் பழமொழிதான். எங்கள் அம்மா சொல்வார், கல்யாணத்தன்று மாலையை எண்ணிப் பார்த்துக்கூட இதைச் சொன்னாராம். நானும் ஆசிரியர் வேலையில் முப்பத்து மூன்று வருஷம் இதையே சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளிடம் "எழுதாக்கணக்கு சார்" என்று பெயர் வாங்கினேன். இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதல் விஷயம். ஏன் படம் எடுத்தார்கள்? ஊருக்கு அனுப்பத்தான். கடல் தாண்டிப் போனவன் உயிரோடு இருக்கிறான், உடம்பில் சட்டை இருக்கிறது, வீணாகப் போகவில்லை என்று காட்ட ஒரு படம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மலாயாவின் சின்னச் சின்னப் பட்டணங்களில்கூட சீனர் ஸ்டூடியோவும் ஜப்பானியர் ஸ்டூடியோவும் இருந்தன. திரையில் மாளிகை, தோட்டம், படிக்கட்டு. ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி. கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. உள்ளே போய்ப் பாருங்கள், நான்கு வெவ்வேறு குடும்பத்துப் படங்களில் ஒரே கோட்டு இருக்கிறது. இடது கையை மடியில் போட்டு, கடிகாரம் தெரிகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பி வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு என்ற ஆலை நகரத்தில் பெல் வியூ என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. 1950களிலும் 60களிலும் பஞ்சாபிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் போன ஆலைத் தொழிலாளிகள் அங்கே வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். பையில் பேனா, கையில் கடிகாரம், அதே மாதிரிதான். இங்கே ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவனுக்கும் அங்கே கம்பளி ஆலையில் நூற்கிறவனுக்கும் ஊரில் காத்திருக்கும் அம்மா ஒருத்திதானே.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் தாத்தா 1935இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். முசிறிப் பக்கம் ஊர். தோட்டத்திலேயே கல்யாணம். 1941இல் அப்பா பிறந்தார். 1943இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது தாத்தாவும் போனார். அந்த அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை. பாட்டி 1957இல் போய்விட்டார், மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இரண்டு மாதம் முன்னால். அப்பாவுக்குப் பதினாறு வயது. பாட்டியின் தகரப் பெட்டியில் இரண்டு புடவை, ஒரு வெள்ளித் தண்டை, துணியில் சுற்றிய ஒரு படம். கோட்டு போட்ட இளைஞன், நாற்காலி, பின்னால் மாளிகைத் திரை. அப்பா தன் அப்பாவை நினைவில் பார்த்ததே இல்லை. பெட்டியில் இருந்தது ஒரே படம். வேறு யாராக இருக்க முடியும்?

1966இல் முதல் சம்பளம் கொஞ்சம் சேர்ந்ததும் அப்பா அதைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினார். கையால் கலர் போட்டார்கள். கன்னத்தில் ரோஜா நிறம், கோட்டுக்கு நீலம். சட்டம் போட்டு மாட்டினோம். இறந்த தேதி தெரியாது, அதனால் ஆடி அமாவாசையில் படையல். வடை, பாயசம், சுருட்டு ஒன்று. சுருட்டு பிடிப்பார் என்று யார் சொன்னார்களோ தெரியாது. பரீட்சைக்குப் போகும்போது அந்தப் படத்தைத்தான் கும்பிட்டுவிட்டுப் போவேன். என் தங்கைக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை; "அப்படியே தாத்தா மூக்கு" என்று ஊரே சொல்லும்.

1994இல் அப்பாவை ஊருக்குக் கூட்டிப்போனேன். தாத்தாவின் அக்கா உயிரோடு இருந்தார், எண்பத்து நாலு வயது, கண் நல்ல கண். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் அப்பா படத்தின் சின்னப் பிரதியை நீட்டி, "அத்தை, அப்பா படம்" என்றார். கிழவி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "யாருடா இவன்?" என்றார். "கோட்டு போட்ட மகராசன். யாரு இது?"

அப்பா மறுபடியும் சொன்னார், "அப்பா, அத்தை." அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தம்பிக்கு மூக்கு இப்பிடியா இருக்கும்? சப்பை மூக்குடா அவனுக்கு." எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு படத்தைக் கொண்டுவந்து அப்பா கையில் வைத்தார்.

அதே நாற்காலி. அதே மாளிகைத் திரை. அதே கோட்டு, அதே கடிகாரம். ஆள் வேறு.

திருப்பினோம். பின்னால் பழுப்பு மையில் தமிழில் எழுதியிருந்தது. "அக்காவுக்கு நமஸ்காரம். நான் சுகம். கோட்டு என்னுடையது இல்லை. கடிகாரம் ஓடாது. கவலைப்பட வேண்டாம்." கீழே கோணலாகத் தாத்தாவின் பெயர். மேலே உள்ள எழுத்து மணி மணியாக இருந்தது, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக்கொடுத்தது. பெயர் மட்டும் தாத்தாவே.

என் அப்பா ஐம்பத்து மூன்று வயதில் தன் அப்பா முகத்தை முதல் தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காவிரிக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "எனக்கும் சப்பை மூக்குதானே, எப்படித் தோணாமப் போச்சு" என்றார். நானும் அவரும் சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.

கிள்ளானுக்கு வந்ததும் பெரிய கேள்வி: இருபத்தெட்டு ஆடி அமாவாசைக்கு வடை சாப்பிட்ட அந்த மனிதர் யார்? தாத்தாவோடு ஒரே நாளில் ஸ்டூடியோவுக்குப் போன கப்பல் கூட்டாளியாக இருக்கலாம். சயாமுக்குப் போகும்போது "வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். படத்தின் பின்பக்கம் வெறும் வெள்ளை. ஒரு எழுத்து இல்லை. தோட்டத்து ஆட்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. போருக்கு முந்தைய ஆட்களே மிச்சமில்லை. படத்தை இறக்கிவிடலாமா என்று நான் கேட்டேன். அம்மா விடவில்லை. "இத்தனை வருஷம் சோறு போட்டாச்சு. இப்ப இறக்கினா எங்க போவாரு?" இன்றைக்கும் எங்கள் வீட்டில் இரண்டு படம் மாட்டியிருக்கிறது, இரண்டு பேருக்கும் படையல். சுருட்டு யாருக்கு என்பதில்தான் இன்னும் முடிவு வரவில்லை.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது. அம்மா அழுதிருக்கிறார். தீரவில்லை.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். வேகமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் 1867இல் லம்பர்ட் என்ற ஜெர்மானியர் ஸ்டூடியோ தொடங்கினார். ஜி. ஆர். லம்பர்ட் கம்பெனி. அந்தக் கால மலாயாவின் அழகான படங்கள் பல அவர்கள் எடுத்தவை. அந்த நூற்றாண்டு முடிகிற சமயத்தில் படம் போட்ட அஞ்சலட்டைகளும் வந்தன. நம் பெண்கள் புல்லாக்கும் தண்டட்டியும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். கீழே என்ன அச்சிட்டிருக்கும்? "கிளிங் பெண்" (கிளிங் என்பது இங்கே நம்மவரை இழிவாகச் சொல்லும் சொல்), "தமிழ்க் கூலி". பெயர் கிடையாது. செடி கொடிக்கு இனம் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டு ஐரோப்பாவுக்கு விற்றார்கள். இதைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டு ஆல்பத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக்காரன் "கூலி" என்றாவது எழுதினான். நாம் அதுகூட எழுதவில்லையே!

1948இல் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்தான். பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் படமும் கட்டைவிரல் ரேகையும் வைத்து அடையாள அட்டை. தோட்டத்தில் எத்தனையோ பெண்களுக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். அந்த முகங்களைப் பாருங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. முக்காடு போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நின்ற கை. அந்தப் படத்தில் மட்டும் பெயர் இருக்கிறது, அதுவும் எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா, காதில் விழுந்தபடி. லட்சுமி லெட்சுமி ஆனது அங்கேதான். இன்றைக்கும் அவருடைய கொள்ளுப்பேத்தி பாஸ்போர்ட்டில் அந்த எழுத்துப்பிழையைத்தான் சுமந்துகொண்டு விமானம் ஏறுகிறாள். ஒரு வகையில் அதுவும் பரம்பரைச் சொத்துதான்.

வியட்நாம்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசை. டின் கியூ லே. 1978இல் பத்து வயதில் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா போனவர். எடுத்துப் போக முடியாத எல்லாவற்றோடும் குடும்பப் படங்களும் அங்கேயே நின்றுவிட்டன. பெரியவனாகிப் புகைப்படக் கலைஞராகத் திரும்பி வந்தார். சைகோனில் பழைய பொருள் கடைகளில் யார் யாரோ விட்டுப்போன குடும்பப் படங்கள் குவிந்து கிடந்தன. தன் வீட்டுப் படம் ஒன்றாவது அகப்படாதா என்று வாங்க ஆரம்பித்தவர் ஆயிரக்கணக்கில் வாங்கினார். அவற்றை நூலால் தைத்துப் பெரிய போர்வை போலத் தொங்கவிட்டார். படங்களின் பின்பக்கத்தில் வியட்நாம் மக்களின் கடிதங்கள், பேட்டிகள், அவர்களுடைய பழைய கவிதை. பின்பக்கத்தைப் பாருங்கள் என்பது என் ஒருவனுடைய பைத்தியம் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு தெம்பு. அவர் 2024இல் காலமானார்.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிக் கணினியில் ஏற்றியது. நூறு வருஷத்துத் தமிழ் முகங்கள். அதில் எத்தனை பேருடைய பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களோ! இந்தக் கரையிலோ, நம் வட்டாரத்தில் ஒரு ஸ்டூடியோ மூடியபோது (பெயர் வேண்டாம், பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள்) நெகட்டிவ் பெட்டிகள் குப்பை லாரியில் போனதை என் கண்ணால் பார்த்தேன். கல்யாணம், காது குத்து, தீமிதி, எல்லாம் போனது. நானும் நின்று பார்த்தேன், லாரியை மறிக்கவில்லை. அந்தக் கணக்கு என் தலையில்.

ஆகவே நான் மூன்று வருஷமாக மேடை மேடையாகச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒரு ஆல்பத்தை எடுங்கள். வீட்டிலேயே வயதானவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காப்பி கொடுங்கள். ஒவ்வொரு படமாகக் காட்டி, யார், எந்தத் தோட்டம், எந்த விசேஷம் என்று கேளுங்கள். பின்னால் எழுதுங்கள். பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் வந்துவிடும். நல்ல மென்மையான பென்சில், நாலு பி, ஆறு பி என்று பள்ளியில் படம் வரைய வாங்குவோமே அது. படத்தைக் கவிழ்த்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பான இடத்தில் வைத்து, ஓரத்தில், அழுத்தாமல். பிற்காலத்துப் பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது; அதற்கு ஒரு காகித உறை போட்டு உறைமேல் எழுதுங்கள். 1980களில் எல்லாரும் வாங்கிய பசைத்தாள் ஆல்பம் இருக்கிறதே, பக்கம் ஒட்டிக்கொண்டு மஞ்சளாகிப்போவது, அதிலிருந்து படத்தை இழுத்துப் பிய்க்காதீர்கள். பிய்ந்தது என் கல்யாணப் படம், மாமனார் பாதிதான் மிச்சம். கைபேசியில் பிரதி எடுத்தால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அது வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

எந்த மொழியில் எழுதுவது என்று ஒரு தம்பி கேட்டார். தமிழில் எழுதுங்கள். உடனே அடுத்த கேள்வி வரும்: என் பேரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே! அதைத்தான் சொல்ல வந்தேன். தாத்தா படத்தின் பின்னால் இருந்த நாலு வரியை நாங்கள் படித்தோம், ஏனென்றால் நானும் அப்பாவும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். அதை எழுதியவரும் அந்த மாதிரி ஒரு பள்ளியில் வாத்தியார். 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமார் மாட்டுக் கொட்டகை போல ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கொட்டகையில் கற்ற எழுத்துதான் முசிறியில் எங்கள் அப்பாவுக்கு அவருடைய அப்பாவைக் காட்டியது. பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பு இன்றைக்கு ஐந்நூறுக்கு மேல் பள்ளிகளாக நிற்கிறது. முதலாம் ஆண்டு பதிவு நடக்கும்போது பதிந்துவிடுங்கள். மாண்புமிகு அவர்கள் இங்கேயே இருப்பதால் ஒரு விண்ணப்பம்: தொகுதியில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றிலாவது ஒரு சின்ன அறை, ஒரு ஸ்கேனர், ஈரம் போக்கும் ஒரு கருவி. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம்; பூஞ்சை படத்தைத் தின்கிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து படம் கொண்டுவந்து, பாட்டியைக் கேட்டு, தமிழில் பெயர் எழுதட்டும். அதைவிடப் பெரிய கட்டுரைப் பயிற்சி எனக்குத் தெரியாது. தலையாட்டுகிறார். நன்றி. இதை நாங்கள் எழுதி வைத்துக்கொள்வோம். எழுதாக் கணக்கு... நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது விஷயம் அப்படியே நிற்கிறது. இளைய கலைஞர்களைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது. அன்னு பாலக்குன்னத்து மேத்யூ என்ற புகைப்படக் கலைஞர், பழைய குடும்பப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றோடு ஒன்று கரையவிட்டு மூன்று தலைமுறைப் பெண்களைச் சேர்த்துக் காட்டுகிறார். இங்கே நம் தங்கை ஒருவர் பாட்டியின் புடவையைக் கட்டிக்கொண்டு, லயம் இருந்த இடத்தில் இப்போது நிற்கும் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் படம் எடுத்திருக்கிறார். நன்றாக இருக்கிறது. வாடகை மாட்டுவண்டியில் கண்டாங்கி கட்டிக்கொண்டு எடுக்கிற "பாரம்பரிய" படங்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. பாட்டி மாட்டுவண்டியில் போனதில்லை, லாரியில் பின்னால் நின்றுகொண்டு போனார். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன், கூப்பிட்டால்.

ஒரே ஒரு வேலை. வாசல் பக்கம் சாப்பாடு வைத்திருக்கும் இடத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மேசை இருக்கிறது. அதன்மேல் ஒரு படம். கூர்மையான மூக்கு, இடது புருவத்தில் ஒரு தழும்பு, கடன் வாங்கிய கோட்டு. பக்கத்தில் ஒரு பென்சில் வைத்திருக்கிறேன். பிரியாணிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பழைய படம் எதிலாவது இந்த முகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பேன்.